ஜன்னலை இறக்குவதா, ஏற்றுவதா? பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு குடும்பப் பயணம்

[திரையில்: வெறிச்சோடிய விமான நிலையம். பிறகு, பெட்டிகள் திணித்த கார் டிக்கி.]

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் விமானங்கள் முடங்கின, எல்லைகள் மூடப்பட்டன. ஆனால் சொந்தக் காருக்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் உலகெங்கும் எத்தனையோ குடும்பங்கள் ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்தன: காரிலேயே போய்விடலாம். கூட்டம் இல்லை, வரிசை இல்லை, பக்கத்து இருக்கையில் இருமுகிற அந்நியர் இல்லை. வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போவது மாதிரிதானே?

பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த வீடியோ. இதில் கொஞ்சம் காற்று, கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் குடும்பச் சண்டை எல்லாம் வரும்.

[திரையில்: காரின் குறுக்குவெட்டு. உள்ளே சுழலும் காற்று நீல நிறத்தில்.]

முதலில் காற்று. ஒரு சாதாரணக் காருக்குள் இருக்கும் இடம் ஏறக்குறைய மூன்று கன மீட்டர். நடுத்தரமான ஒரு படுக்கையறை அதைப்போலப் பத்து மடங்கு இருக்கும். இவ்வளவு சிறிய இடத்தில் நான்கைந்து பேர் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், வழி தவறியது யாரால் என்று வாக்குவாதம் செய்கிறார்கள். மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துளிகள் வழியாகப் பரவுகிற கிருமிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆனாலும் பதற வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்கள் ஏற்கெனவே ஒரே காற்றைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் மட்டும் காரில் ஏறினால் ஆபத்து பெரிதாகக் கூடிவிடாது. கணக்கு மாறும் இடம் எது தெரியுமா? "போகிற வழிதானே, சித்தப்பாவையும் ஏற்றிக்கொள்ளலாம்" என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வரும் இடம்.

சரி, சித்தப்பா ஏறிவிட்டார். இப்போது எந்த ஜன்னலை இறக்குவது? அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் இதற்கு ஒரு பதிலை வெளியிட்டார்கள். டொயோட்டா பிரியஸ் போன்ற உருவம் கொண்ட கார், மணிக்கு 50 மைல் வேகம், முன்னால் ஓட்டுநர், பின்னிருக்கையில் அவருக்கு மூலைவாட்டில் ஒரு பயணி. எந்த ஜன்னலைத் திறந்தால் காற்று எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். நான்கையும் மூடிவிட்டு ஏசியை ஓடவிடுவதுதான் இருப்பதிலேயே மோசம். நான்கையும் திறப்பதுதான் சிறந்தது. இதற்கு எதற்கு ஆய்வு என்பீர்கள்.

விஷயம் இரண்டு ஜன்னல்களை மட்டும் திறக்கும்போதுதான் இருக்கிறது. நாமாக இருந்தால் அவரவர் பக்கத்து ஜன்னலை இறக்கிக்கொள்வோம். ஆய்வின் கணக்குப்படி, ஆள் இல்லாத பக்கத்து ஜன்னல்களை இறக்குவதே மேல். ஓடும் காரில் முன் ஜன்னலருகே காற்றழுத்தம் குறைவு, பின் ஜன்னலருகே அதிகம். அதனால் காற்று பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது. ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் வழியாக நுழைந்து, பின்னிருக்கையை ஒட்டித் திரும்பி, முன்பக்கத்தின் காலி இருக்கை ஜன்னல் வழியாக வெளியேறுகிறது. இருவருக்கும் நடுவே காற்றாலேயே ஒரு தடுப்பு.

மழையில், வெயிலில், நெடுஞ்சாலை இரைச்சலில் இதையெல்லாம் நாள் முழுக்கச் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியாது. அப்போது உங்கள் கண் போக வேண்டியது டாஷ்போர்டில் உள்ள ஒரு சிறிய பொத்தானுக்கு. கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டிருக்கும். அதை அழுத்தினால் வெளிக்காற்று நின்று, உள்ளிருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். ஏசி சீக்கிரம் குளிரும் என்பதற்காகப் பலரும் அதை அழுத்தியபடியே விட்டுவிடுகிறார்கள்.

[திரையில்: பேருந்து இருக்கைகளின் வரைபடம். சில இருக்கைகள் சிவப்பாகின்றன.]

அப்படிச் சுற்றும் காற்று என்ன செய்யும் என்பதற்குச் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் நடந்தது ஒரு சான்று. 2020 ஜனவரியில் ஒரு வழிபாட்டு நிகழ்ச்சிக்குப் போன பேருந்தில் 68 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. போகவர 100 நிமிடப் பயணம். உள்காற்றே சுற்றிக்கொண்டிருந்தது. முடிவில் அவரோடு சேர்த்து 24 பேருக்கு நோய். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் அல்ல, பல வரிசைகள் தள்ளி உட்கார்ந்திருந்தவர்களும் இதில் அடக்கம். அதே நிகழ்ச்சிக்குப் போன இன்னொரு பேருந்தில் ஒருவருக்கும் வரவில்லை.

அப்போது நாமெல்லாம் எதைத் துடைத்துக்கொண்டிருந்தோம்? கதவுக் கைப்பிடியை. ஸ்டியரிங்கை. பெட்ரோல் நிலையத்தில் கொடுத்த ரசீதைக்கூட. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது: கிருமி பட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 10,000இல் ஒன்றுக்கும் குறைவு. கை கழுவுவது நல்ல பழக்கம்தான். ஆனால் ரசீதைத் துடைத்த அதே ஆள், கண்ணாடி மூடிய உணவகத்துக்குள் முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் வேடிக்கை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிற்கும் காரில் சானிடைசர் புட்டி வெடித்துவிடும் என்று ஒரு செய்தி அப்போது கைபேசிக்குக் கைபேசி பறந்தது. சானிடைசரில் இருக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் தானாகத் தீப்பற்ற ஏறக்குறைய 360 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கார் அவ்வளவு சூடானால் சானிடைசரைப் பற்றிக் கவலைப்பட உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். மூடி சரியாக இறுகவில்லை என்றால் ஆல்கஹால் ஆவியாகிவிடும், அவ்வளவுதான்.

ஆக, காரைவிட ஆபத்து கார் நிற்கிற இடங்களில் இருந்தது. 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில், அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் மதிய உணவு சாப்பிட்டன. ஒரு குடும்பம் முந்தைய நாள்தான் வூஹானிலிருந்து வந்திருந்தது. ஏசிக் காற்று அந்த மூன்று மேசைகளுக்கு மேல் சுற்றியது. மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேருக்குத் தொற்று. தூரப் பயணத்தில் பசித்து இறங்கும் எந்தக் குடும்பமும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்.

[திரையில்: ஆளில்லாத நெடுஞ்சாலை.]

யாரும் எதிர்பாராத ஆபத்து ஒன்றும் இருந்தது. அது தொற்றே அல்ல. 2020இல் அமெரிக்காவில் வாகனங்கள் ஓடிய மொத்தத் தூரம் 11 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. சாலை விபத்துகளில் இறந்தவர்களோ 38,800க்கும் மேல், முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம். சாலை காலியாக இருந்ததால் வேகம் கூடியது. சீட் பெல்ட் போடாதவர்களும் கூடினார்கள். முகக்கவசத்தை மறக்காத அப்பாக்களின் கால், ஆக்ஸிலரேட்டரில் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இனி, எனக்கு உண்மையிலேயே சிக்கலாகத் தோன்றும் பகுதிக்கு வருகிறேன். புறப்படுமுன் நாம் எல்லோரும் கேட்டுக்கொண்ட கேள்வி, "நமக்கு ஏதாவது வந்துவிடுமா?" என்பது. போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள்?

தொற்றின் தொடக்க காலத்தில், கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரிய சராசரியாக ஐந்தாறு நாட்கள் ஆயின. சிலருக்கு 14 நாட்கள் வரைகூட. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். புறப்படும் நாள் காலையில் பரிசோதனை செய்து "இல்லை" என்று வந்தால், அந்த விடை அந்தக் காலைக்கு மட்டும்தான். இரண்டு நாள் பயணம் முடிந்து இறங்கும் ஆள் வேறு ஆளாக இருக்கலாம்.

நார்வே இதை வெளிப்படையாகக் கையாண்டது. அங்கே பல குடும்பங்களுக்கு மலையிலும் கடலோரத்திலும் சின்ன விடுமுறை வீடு உண்டு. 2020 மார்ச் 19 முதல் ஏப்ரல் 20 வரை, தாங்கள் வசிக்கும் நகராட்சிக்கு வெளியே இருக்கும் சொந்த விடுமுறை வீட்டில்கூட இரவு தங்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. நகரத்திலிருந்து வருகிறவர்கள் கூட்டமாக நோயில் விழுந்தால், சிற்றூரின் சிறிய மருத்துவமனை தாங்காது என்பதே காரணம்.

பிரிட்டனில் நடந்தது இதற்கு நேர் எதிர். அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச்சில், மனைவியையும் நான்கு வயது மகனையும் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து 260 மைல் தொலைவிலுள்ள டரம் பகுதிக்குக் கார் ஓட்டிப் போனார். மனைவிக்கு உடல்நிலை சரியில்லை. இருவரும் படுத்துவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். விஷயம் வெளியானதும் நாடே கொதித்தது. அரசின் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை அந்த நாட்களில் சரிந்ததை ஓர் ஆய்வு பதிவு செய்தது.

[திரையில்: கல் ஒன்று. மேற்பரப்பில் சிறு குழிகள்.]

அதே நாட்டில், 350 ஆண்டுகளுக்கு முன், ஈம் என்றொரு கிராமம். 1665இல் அங்கே கொள்ளைநோய் புகுந்தது. மறு ஆண்டு, பாதிரியார் வில்லியம் மொம்பெஸன் ஊராரைச் சம்மதிக்க வைத்தார்: யாரும் எல்லையைத் தாண்ட மாட்டோம், நோய் நம்மோடு முடியட்டும். எல்லைக் கல்லில் குழிகள் வெட்டி, வினிகர் ஊற்றி, அதில் காசு போட்டு வைப்பார்கள். வெளியூரார் அதை எடுத்துக்கொண்டு உணவை வைத்துவிட்டுப் போவார்கள். சுமார் 260 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. மொம்பெஸனின் மனைவி கேத்தரினும் அவர்களில் ஒருவர். ஆனால் எல்லையை மூடுமுன், மொம்பெஸன் தம் பிள்ளைகளை ஊரை விட்டு அனுப்பியிருந்தார்.

கம்மிங்ஸையும் மொம்பெஸனையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். மொம்பெஸன் ஊரோடு நின்றார், மனைவியைப் பறிகொடுத்தார். ஆனால் "என் குழந்தை மட்டும்" என்று தோன்றும் அந்தக் கணம் இருவருக்கும் ஒன்றுதான். கார் சாவியைக் கையில் எடுத்த எந்தப் பெற்றோருக்கும் அதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. எனக்கும் ஆகவில்லை.

நாங்களும் 2020இன் கடைசியில், அனுமதி இருந்த நாட்களில், என் மாமியார் வீட்டுக்குக் காரில் போனோம். வாசலில் வண்டி நின்றதும் யாரும் இறங்கவில்லை. பிள்ளைகளின் கை கதவுப்பிடியில் இருந்தது. மாமியார் வெளியே நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார். துணி காயப்போடும் கயிற்றால் இடைவெளியை அளந்ததாகப் பிறகு சொன்னார். சின்னவள் இறங்கி ஓடினாள், பாதியில் நின்றாள். மாமியார் இரண்டு எட்டு முன்னால் வந்து, தாமே பின்வாங்கினார். "அப்படியே திரும்பி நில்லு, எவ்வளவு வளர்ந்திருக்கிறாய் என்று பார்க்கிறேன்" என்றார். சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி நின்றாள்.

அந்தப் பயணம் தேவைதானா என்று இப்போதும் வீட்டில் பேச்சு வரும். என் கணவர் தேவையில்லை என்பார். மாமியாரிடம் கேட்டால் அடிக்க வருவார்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை விலக்கிக்கொண்டது. காரில் போவதற்கு இப்போது யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் காய்ச்சலும் இருமலும் அவசரநிலையோடு விடைபெறவில்லை, வயதானவர்களும் இளமையாகிவிடவில்லை. புறப்படும் நாள் காலையில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால், தொலைபேசியில் "வரலாமா?" என்று கேட்காதீர்கள். பேரப்பிள்ளை முகம் பார்க்கக் காத்திருக்கும் எந்தப் பாட்டியும் "பரவாயில்லை, வாருங்கள்" என்றுதான் சொல்வார். "இவளுக்குச் சளி பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் வருகிறோம்" என்று சொல்லிவிட்டு, அவர் திட்டி முடிக்கும் வரை போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள்.