எண்ணிக்கை சொல்லாத கதை: அமெரிக்காவின் இரண்டாம் டிவிஷன் கால்பந்து

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து என்றால் இன்று நம்மில் பலருக்கும் மெஸ்ஸியும் அவர் ஆடும் இன்டர் மயாமியும்தான் நினைவுக்கு வரும். அந்த அணி ஆடுவது எம்.எல்.எஸ். என்கிற முதல் டிவிஷன் லீக்கில். நான் பேச வந்தது அதற்கு ஒரு படி கீழே இருக்கும் யு.எஸ்.எல். (யுனைடெட் சாக்கர் லீக்) சாம்பியன்ஷிப் பற்றி. இந்த லீக் வளர்ந்த விதம் கொஞ்சம் விசித்திரமானது. 2011-இல் 15 அணிகளோடு தொடங்கியது. 2019-இல் 36 அணிகள். 2025-இல் 24 அணிகள். இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தால், ஏறிவிட்டு இறங்கிய லீக் என்றுதான் தோன்றும். என்னைக் கேட்டால், 36 அணிகள் இருந்தபோதைவிட எண்ணிக்கை குறைந்த பிறகுதான் அது பலமாக இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ முதல் டிவிஷனில் கடைசி இடங்களைப் பிடிக்கும் அணிகள் அடுத்த சீசனில் கீழே போகும். கீழே ஜெயித்தவர்கள் மேலே வருவார்கள். அமெரிக்காவில் அந்த வழக்கமே கிடையாது. அங்கே எல்லாம் நம் ஐ.பி.எல். மாதிரிதான். கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருடம் அதே லீக்கில் இருக்கலாம். புதிதாக உள்ளே வர வேண்டுமானால் ஒரே வழி பணம். 2023-இல் சான் டியாகோ நகரத்துக்காக எம்.எல்.எஸ்.-இல் ஓர் இடம் வாங்கியவர்கள் கொடுத்த தொகை 50 கோடி டாலர். கோல் எத்தனை போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட நாட்டில் இரண்டாம் டிவிஷன் லீக் நடத்துவது லேசான காரியம் இல்லை. யு.எஸ்.எல்.-இன் வேர் 1986-இல் இருக்கிறது. பிரான்சிஸ்கோ மார்கோஸ் என்பவர் தென்மேற்கு மாநிலங்களில் உள்ளரங்கக் கால்பந்து அணிகளைச் சேர்த்து ஒரு லீக் ஆரம்பித்தார். அது வெளி மைதானத்துக்கு வந்தது, பெயர் மாறியது, மறுபடி மாறியது. அந்தப் பெயர்களை எல்லாம் வரிசையாகச் சொன்னால் எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிடும். 2009-இல் லீக் கை மாறியபோது, சில கிளப் முதலாளிகள் கோபித்துக்கொண்டு தனியாகப் பிரிந்து என்.ஏ.எஸ்.எல். என்ற பழைய பெயரில் வேறு லீக் தொடங்கினார்கள். சண்டை முற்றியதில், 2010 சீசனை மட்டும் அமெரிக்கக் கால்பந்து சம்மேளனமே இரு தரப்பையும் உட்காரவைத்து நடத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் பிரிந்து போனவர்களுக்கு இரண்டாம் டிவிஷன் அந்தஸ்து கிடைத்தது. யு.எஸ்.எல். மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கி, நான் முதலில் சொன்ன 15 அணி லீக்கைத் தொடங்கியது.

அந்த 2011 சீசன் நல்ல சகுனத்தோடு தொடங்கவில்லை. 15 அணிகளில் மூன்று புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவை. சீசன் தொடங்கிச் சில வாரங்களிலேயே, மே மாதத்தில், மூன்றையும் நீக்க வேண்டியிருந்தது. ஆன்டிகுவா தீவிலிருந்து வந்த பராகுடா அணியின் கதை இன்னும் மோசம். 2013 சீசனில் அந்த அணி சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 26 ஆட்டங்களையும் வெளியூரிலேயே ஆடி, 26-லும் தோற்றுப்போனது. தொழில்முறைக் கால்பந்தில் இப்படி ஒரு கணக்கைப் பார்ப்பது அபூர்வம். அதோடு அந்த அணியும் மூடப்பட்டது.

அதே 2013-இல்தான் வேறொரு பக்கமும் தெரிந்தது. டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டினிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஆர்லாண்டோ சிட்டி அணி, அந்த வருட இறுதி ஆட்டத்தில் சார்லட் ஈகிள்ஸை 7-4 என்று ஜெயித்தது. பதினோரு கோல்! மூன்றாம் டிவிஷன் ஆட்டத்தைப் பார்க்க 20 ஆயிரத்துக்கு மேல் ஜனம். பிறகு என்ன, எம்.எல்.எஸ். கவனித்தது, பேரம் முடிந்தது, 2015-இல் ஆர்லாண்டோ மேல் லீக்குக்குப் போய்விட்டது.

கீழ் லீக்கின் பெரிய தலைவலியே இதுதான். நன்றாக ஆடி, நன்றாகக் கூட்டம் சேர்க்கும் கிளப் அங்கே தங்காது. சின்சினாட்டியைப் பாருங்கள். எஃப்.சி. சின்சினாட்டி 2016-இல்தான் யு.எஸ்.எல்.-இல் ஆடத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் நிப்பர்ட் ஸ்டேடியத்தில் ஆட்டம். 2017-இல் நாடு தழுவிய யு.எஸ். ஓபன் கோப்பையில் கொலம்பஸ் குரூ, சிகாகோ ஃபயர் என்று இரண்டு எம்.எல்.எஸ். அணிகளை வரிசையாக வெளியேற்றியது. அரையிறுதியில் நியூயார்க் ரெட் புல்ஸுக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது. அன்று ஸ்டேடியத்தில் 33 ஆயிரம் பேர். ஆடத் தொடங்கி இரண்டு வருடம்கூட முடியாத ஒரு கிளப்புக்கு! 2019-இல் 15 கோடி டாலர் கட்டணத்தோடு அதுவும் மேலே போனது. அடுத்த வருடம் நாஷ்வில் போனது.

போகிறவர்களின் இடத்தை நிரப்ப லீக் இரண்டு வழி கண்டுபிடித்தது. ஒன்று, புதுப் புது நகரங்களுக்கு இடம் விற்பது. இன்னொன்று, 2013-இல் எம்.எல்.எஸ்.-உடன் செய்துகொண்ட ஒப்பந்தம். அதன்படி மேல் லீக் கிளப்புகள் தங்கள் இளம் ஆட்டக்காரர்களுக்காக ரிசர்வ் அணிகளை இங்கே இறக்கலாம். 2014-இல் எல்.ஏ. கேலக்ஸி முதலில் வந்தது, மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். 2014-இல் 14 ஆக இருந்த அணிகள் அடுத்த வருடமே 24. இதில் நன்மை இல்லாமல் இல்லை. பின்னாளில் பயர்ன் மியூனிக்கில் ஆடிய அல்ஃபோன்சோ டேவிஸ் பதினைந்து வயதில் வான்கூவரின் இரண்டாவது அணிக்காக ஆடியது இந்த லீக்கில்தான். பின்னாளில் அமெரிக்க அணிக்கு கேப்டனான டைலர் ஆடம்ஸ் 2016-இல் கோப்பை ஜெயித்த நியூயார்க் ரெட் புல்ஸ் இரண்டாவது அணியில் இருந்தார். ஆனால் ரிசர்வ் அணிக்கு ஊர் கிடையாது. அதற்காகக் கொடி பிடிக்க யாரும் வரமாட்டார்கள். 2019-இல் இருந்த 36 அணிகளில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிப்பட்டவை. 2022-இல் எம்.எல்.எஸ். தன் ரிசர்வ் அணிகளுக்கென்று தனி லீக் தொடங்க, அவை ஒவ்வொன்றாக அங்கே போய்விட்டன. எண்ணிக்கை குறைந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். போனது போகட்டும் என்றுதான் சொல்வேன்.

இதற்கு நடுவில் 2017 ஜனவரியில் யு.எஸ்.எல்.-க்குத் தற்காலிகமாக இரண்டாம் டிவிஷன் அந்தஸ்து திரும்பக் கிடைத்தது. டாம்பா பே ரவுடீஸ், ஒட்டாவா ஃப்யூரி ஆகியவை என்.ஏ.எஸ்.எல்.-இலிருந்து இந்தப் பக்கம் வந்தன. பிரிந்து போனவர்களின் அந்த லீக் 2017 சீசனோடு படுத்துவிட்டது. அவர்களின் கடைசிச் சாம்பியன் சான் பிரான்சிஸ்கோ டெல்டாஸ், கோப்பையைத் தூக்கிய கையோடு கிளப்பையே மூடியது. சம்மேளனத்தின் மீதும் எம்.எல்.எஸ். மீதும் அவர்கள் போட்ட வழக்கு மட்டும் 2025 வரை ஓடி, அவர்களுக்குச் சாதகமில்லாமல் முடிந்தது.

சரி, எந்த கிளப் நிற்கிறது, எது விழுகிறது? சொந்த மைதானம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் ரைனோஸ் 1999-இல் யு.எஸ். ஓபன் கோப்பையையே ஜெயித்த அணி. எம்.எல்.எஸ். தொடங்கியபின் அதற்கு வெளியிலிருந்து அந்தக் கோப்பையை ஜெயித்த ஒரே கிளப் அது. 2006-இல் கால்பந்துக்கென்றே ஸ்டேடியம் கட்டினார்கள். கட்டியது கையைக் கடித்தது, முதலாளிகள் மாறினார்கள். 2015-இல் யு.எஸ்.எல். சாம்பியன், 2017-க்குப் பிறகு ஆட்டமே இல்லை. பிறகு இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜேமி வார்டி பங்கு வாங்கி 2022-இல் புதுப் பெயரில் கொண்டுவந்தும் ஒரே சீசன்தான் ஓடியது.

டெட்ராய்ட் வேறு வழியில் போனது. டெட்ராய்ட் சிட்டி கிளப் 2012-இல் அமெச்சூர் அணியாக ஒரு பள்ளி மைதானத்தில் தொடங்கியது. கூட்டம் தாங்காமல் போனபோது, பக்கத்து ஊரான ஹாம்ட்ராமிக்கில் 1936-இல் கட்டிய, சிதிலமாகிக் கிடந்த கீவொர்த் ஸ்டேடியத்தைச் சரிசெய்ய ரசிகர்களிடமே கடன் கேட்டார்கள். 7 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2016-இல் அங்கே குடிபோனார்கள். 2020-இல் ரசிகர்களுக்குப் பங்கும் விற்றார்கள். 2022-இல்தான் யு.எஸ்.எல். சாம்பியன்ஷிப்புக்கு வந்தார்கள். முதலில் ஜனம், அப்புறம் மைதானம், கடைசியாக லீக் என்ற வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. லூயிவில் நகரமும் ஏறக்குறைய அப்படித்தான். பேஸ்பால் மைதானத்தில் ஆடியே 2017, 2018 என்று தொடர்ந்து இரண்டு முறை சாம்பியன். பிறகு நகர நிர்வாகம் 3 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தது. 2020-இல் சொந்த ஸ்டேடியம் திறந்தது.

செலவு என்று பார்த்தால் பயணமும் சாதாரணமில்லை. டாம்பாவிலிருந்து ஓக்லாண்டுக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். கிழக்கு, மேற்கு என்று பிரித்து ஆடினாலும் விமான டிக்கெட் விழுங்கும் பணம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கும் வேலை நிபந்தனைகளுக்கும் சங்கம் மூலம் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்ததே 2021-இல்தான். கொரோனா காலத்தில் ரீனோ, செயின்ட் லூயிஸ் கிளப்புகள் மூடின. 2020 இறுதி ஆட்டமே நடக்கவில்லை.

இப்போது புதுச் செய்திக்கு வருகிறேன். 2019-இலேயே கீழே மூன்றாம் டிவிஷனாக லீக் ஒன் என்று பத்து அணிகளோடு தொடங்கிவிட்டார்கள். 2025 பிப்ரவரியில், மேலேயும் ஒரு முதல் டிவிஷன் தொடங்கப் போவதாக யு.எஸ்.எல். அறிவித்தது. அதாவது எம்.எல்.எஸ்.-க்கு நேர் போட்டி. அடுத்த மாதம் இன்னும் பெரிய செய்தி: கிளப் முதலாளிகள் பெரும்பான்மையாக வாக்களித்து, மூன்று டிவிஷன்களுக்கும் இடையே ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் இது முதல் முறை. கீழே இறங்கும் அபாயத்துக்கு முதலாளிகளே கை தூக்குவது என்பது நான் எதிர்பார்க்காத ஒன்று.

திட்டத்தை வரவேற்கிறேன். ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் டிவிஷனுக்கு அமெரிக்கச் சம்மேளனம் விதிமுறை வைத்திருக்கிறது. ஸ்டேடியத்தில் குறைந்தது 15 ஆயிரம் பேருக்கு இடம் வேண்டும். முக்கிய முதலாளியின் சொத்து 4 கோடி டாலராவது இருக்க வேண்டும். இரண்டாம் டிவிஷனுக்கு 5 ஆயிரம் இடமும் 2 கோடி டாலரும் போதும். 2024 சாம்பியனான கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆடும் ஸ்டேடியம் 8 ஆயிரம் பேர் கொள்வது. அன்று அவர்களிடம் இறுதி ஆட்டத்தில் தோற்ற ரோட் ஐலண்ட், 2025 மே மாதம் பாடக்கெட் ஊரில் புது ஸ்டேடியம் திறந்தது; அதிலும் இடம் பத்தாயிரம் சொச்சம்தான். நாளை இப்படி ஒரு கிளப் மைதானத்தில் ஜெயித்து, ஏறும் தகுதியைப் பெற்று, நாற்காலி பற்றாமல் வாசலில் நின்றால் என்ன செய்வார்கள்? சம்மேளனம் விதியைத் தளர்த்துமா, சில வருடம் அவகாசம் தருமா, இல்லை இரண்டாவதாக வந்தவருக்கு இடம் போகுமா? விதியை எம்.எல்.எஸ்.-ஐ மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். இதைத் தீர்க்காமல் ஏற்ற இறக்கத்தைத் தொடங்கினால், முதல் வாக்குவாதம் மைதானத்தில் நடக்காது, வழக்கறிஞர் அலுவலகத்தில்தான் நடக்கும். என்.ஏ.எஸ்.எல். வழக்கைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை வருடம் இழுக்கும் என்று தெரியும்.

நேரம் கொடுத்துக் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.