ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை 243 ரூபாய்

வணக்கம் மக்களே. தலைப்பைப் பார்த்து, ஆள் சேர்க்கப் பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். கையில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கணக்கீடு. 2016இல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசமானது. அதற்கு மேல் எவ்வளவு என்பதற்கு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. கூட்டிப் பாருங்கள். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய்.

இப்போது அதே வீட்டில் யாரோ ஒரு துணியைக் கூடுதலாக இஸ்திரி போட்டு, மீட்டர் 501 ஆகிவிட்டது. அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு, அவ்வளவுதானே என்று தோன்றும். இல்லை. 500ஐத் தாண்டியதும் அந்த வீட்டுக்கு வேறு அட்டவணை பொருந்தும். அதில் 2 ரூபாய் 35 காசு என்ற படியே (ஸ்லாப்) கிடையாது. 101இல் இருந்தே 4 ரூபாய் 70 காசு. 300 யூனிட்டுக்கு 1,410, அடுத்த 100க்கு 630, கடைசி ஒன்றுக்கு 8.40. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு. 1,805ஐக் கழியுங்கள். 243 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்!

ஆகவே "மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்" என்ற பொதுவான உபதேசத்தை நான் செய்யப்போவதில்லை. அது சுவரில் எழுதி வைப்பதற்கு நன்றாக இருக்கும். உங்கள் வீட்டின் கடைசி யூனிட் எந்தப் படியில் போய் நிற்கிறது? அதைத் தெரிந்துகொண்டால்தான் எதை அணைப்பது, எதை மாற்றுவது, எதற்குக் கவலையே படத் தேவையில்லை என்று சொல்ல முடியும்.

மின் கணக்கைக் குறித்துவைக்கும் வெள்ளை அட்டையை எடுங்கள். அட்டை கிடைக்கவில்லை என்றால் இணையத்தில் மின் இணைப்பு எண்ணைப் போட்டு, பழைய கணக்குகளைப் பாருங்கள். கடைசி ஆறு கணக்கீடுகளையும் வரிசையாக எழுதுங்கள். ஏப்ரல், மே மாதங்கள் அடங்கும் கணக்கு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 200க்குள் இருக்கும் வீடு என்றால், உண்மையைச் சொல்கிறேன், இந்த வீடியோவை நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். இந்தக் கட்டணப்படி உங்கள் பில் அதிகபட்சம் 235 ரூபாய். 420இல் இருந்து 580 வரை ஊசலாடும் வீடுகள்தான் இன்று என் ஆட்கள்.

அந்த வீடுகளுக்கு முதல் வேலை, கணக்கெடுத்த நாளில் இருந்து 30ஆம் நாள் மீட்டரைப் பார்ப்பது. 60 நாளுக்கு 500 என்றால் ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டும் கொஞ்சமும் வரும். 30ஆம் நாள் 250ஐத் தாண்டியிருந்தால் இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. 270 என்றால் எளிதாகச் சமாளிக்கலாம். 330 என்றால் இந்த முறை கஷ்டம்தான்.

இன்னொன்றையும் அட்டையில் கவனியுங்கள். சென்ற முறை கணக்கெடுத்த தேதிக்கும் இந்த முறை எடுத்த தேதிக்கும் இடையே எத்தனை நாள்? நாளுக்கு எட்டு யூனிட் ஓடும் வீட்டில் கணக்கெடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வந்தால் 32 யூனிட் கூடிவிடும். 480இல் நின்றிருக்க வேண்டிய வீடு 512க்குப் போய்விடும். நீங்கள் ஒரு சுவிட்சைக்கூடக் கூடுதலாகப் போட்டிருக்க மாட்டீர்கள். மாதாமாதம் கணக்கெடுப்பு வேண்டும் என்று மக்கள் கேட்பதும், 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவே வந்ததும் இதனால்தான். நாள் கணக்கு இடித்தால் மின் வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. வாய்ச்சண்டை போடாதீர்கள், தேதியைக் காட்டுங்கள்.

சரி, மீட்டர் பெட்டிக்கு வருவோம். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோகிறேன். இதோ, ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது, தெரிகிறதா? அதன் பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. இது 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். சில மீட்டர்களில் இந்த எண் வேறாக இருக்கும், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவு படுக்கப் போகும் முன் இதைச் செய்யுங்கள். மின்விசிறி, விளக்கு, டிவி, ஏ.சி. எல்லாவற்றையும் அணையுங்கள். பிரிட்ஜையும் ஐந்து நிமிடம் அணைத்துவிடுங்கள், பால் கெட்டுவிடாது. பிறகு கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்றால் ஏறத்தாழ 19 வாட். 60 நாளும் இரவு பகலாக அது ஓடினால் 27 யூனிட். மூன்று சிமிட்டல் என்றால் 81 யூனிட். வீட்டில் "எதுவும் ஓடாத" நேரத்தில் ஓடும் 81 யூனிட்!

எங்கே போகிறது? முதல் சந்தேகம் செட்டாப் பாக்ஸ் மேல். ரிமோட்டில் அணைத்தால் அது தூங்குவதில்லை, தூங்குவதுபோல் நடிக்கிறது. அடுத்து வைஃபை ரூட்டர். அதற்கும் அடுத்து, யாரும் சந்தேகப்படாத இன்வெர்ட்டர். பேட்டரிக்கு வயதாகிவிட்டால் அது எப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். பூஜை அறையிலும் மாடிப்படியிலும் எரியும் பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு பெயருக்குத்தான் ஜீரோ, 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். எல்லா இணைப்பையும் பிடுங்கிய பிறகும் விளக்கு சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்கள் பலகையைக் கழற்றாதீர்கள்.

மின்விசிறியில்தான் பணம் இருக்கிறது. பழைய விசிறி 75 வாட். பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் உள்ள விசிறி முழு வேகத்தில் 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 16 மணி நேரம் என்றால் பழையது இரண்டு மாதத்தில் 72 யூனிட், புதியது 29. மிச்சம் 43 யூனிட். கடைக்காரர் இத்துடன் நிறுத்திவிட்டு "உடனே வாங்குங்கள்" என்பார். நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த 43 யூனிட் உங்கள் வீட்டில் எந்தப் படியில் இருந்து குறைகிறது? 700 யூனிட் ஓடும் வீடு என்றால் யூனிட்டுக்கு 9 ரூபாய் 45 காசு, ஒரு கணக்கீட்டுக்கு 406 ரூபாய் மிச்சம். 3,000 ரூபாய் விசிறி ஒன்றேகால் வருடத்தில் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். 300 யூனிட் வீட்டில் மிச்சம் 202 ரூபாய்தான், இரண்டரை வருடம் ஆகும். 150 யூனிட் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் விசிறி ஓடட்டும், அது கெட்டுப்போகும் அன்று மாற்றினால் போதும். ஆனால் 530இல் நிற்கும் வீட்டில் ஒரே ஒரு விசிறியை மாற்றினால் பயன்பாடு 487 ஆகிறது. பில் 2,292இல் இருந்து 1,723 ஆகிறது. ஒரே கணக்கீட்டில் 569 ரூபாய்!

ஏ.சி. பற்றிச் சொல்லாவிட்டால் கருத்துப் பகுதியில் திட்டுவீர்கள். அதன் நெற்றியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. 800 என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் நான்கு யூனிட், 60 நாளில் 240. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் இதைவிடக் கூடும், ஏனென்றால் பகல் முழுதும் வெயில் குடித்த தளம் இரவில் அதை உங்கள் தலைமேல் இறக்கும். பழைய வீடுகளில் தட்டோடு பதித்தவர்கள் விவரமானவர்கள். இப்போது அதற்கு வசதி இல்லையென்றால் மாடியில் வெள்ளைப் பூச்சாவது அடியுங்கள். 2020 ஜனவரியில் இருந்து நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. அதை நாம் உடனே 18க்குத் தள்ளிவிட்டு, நள்ளிரவில் போர்வை தேடுகிறோம். 26இல் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள்.

மிக்ஸி, கிரைண்டர் பற்றி யாரும் வருத்தப்பட வேண்டாம். தேங்காய்ச் சட்னியால் எந்த வீடும் 500ஐத் தாண்டியதில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி வழிந்து தெருவில் ஓடும்வரை விடுவது வேறு கதை.

இப்போது கேஸ். நிறையப் பேர் கேட்ட கேள்வி, "சிலிண்டர் விலை ஏறிவிட்டதே, இண்டக்‌ஷனுக்கு மாறிவிடலாமா?" இதற்கும் விடை மீட்டர் பெட்டியில்தான் இருக்கிறது.

14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் கேஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சேராமல் அடுக்களையைச் சூடாக்குகிறது. இண்டக்‌ஷனில் விரயம் குறைவு. இரண்டையும் கழித்துப் பார்த்தால், ஒரு சிலிண்டரின் சமையலை முடிக்க ஏறத்தாழ 145 யூனிட் ஆகும். சென்னையில் 2025 ஏப்ரலில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. உங்கள் ஊரில் இன்று என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் இதையே வைத்துச் சொல்கிறேன்.

250 யூனிட் ஓடும் வீடு, பில் 470 ரூபாய். சமையலுக்காக 200 யூனிட் கூடினால் 450 ஆகிறது, பில் 1,490. கூடுதல் 1,020 ரூபாய். அந்தச் சமையலுக்கு கேஸ் ஏறத்தாழ 1,200 ரூபாய்க்கு ஆகியிருக்கும். கொஞ்சம் லாபம். அதுவே 400 யூனிட் வீடு என்றால் 600க்குப் போகும். பில் 1,175இல் இருந்து 2,880. கூடுதல் 1,705! கேஸ் விலையைவிட 500 ரூபாய் நஷ்டம். ஒரே அடுப்பு, ஒரே சாம்பார், பக்கத்துப் பக்கத்து வீடு. யூடியூபில் யாரோ ஒருவருக்கு லாபம் வந்தது என்பதற்காக நீங்கள் அடுப்பை மாற்றாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேஸ் மிச்சப்படுத்த உங்களுக்கே தெரிந்தவை போதும். பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள், கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள், தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏற விடாதீர்கள். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சிலிண்டர் வந்ததும் எடை போடச் சொல்லுங்கள். காலி எடை உருளையின் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2ஐக் கூட்டினால் வர வேண்டிய எடை. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்னிடம் கோபப்படுவது எனக்குத் தெரியும். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம், உள் மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டு உரிமையாளர் சொல்வதுதான் விலை. அங்கே 100 யூனிட் இலவசம் யாருக்குப் போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. முன்பணம் கொடுக்கும் முன்பே "தனி இணைப்பா?" என்று கேளுங்கள். வாடகை 300 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தனி இணைப்பு உள்ள வீடு பல நேரங்களில் மலிவாகவே முடியும். ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: ஒரே விலை என்பதால் உங்களுக்கு ஸ்லாப் கிடையாது. ஒவ்வொரு யூனிட்டும் முதல் யூனிட்டில் இருந்தே அதே விலை. ஆகவே அந்தச் சிமிட்டல் சோதனையை உள் மீட்டரில் நீங்கள்தான் முதலில் செய்ய வேண்டும்.

உங்கள் கடைசி ஆறு கணக்கீட்டு யூனிட்டுகளையும், மேல்தளமா கீழ்த்தளமா, ஏ.சி. உண்டா என்பதையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறேன். மின் இணைப்பு எண்ணை மட்டும் பொதுவில் எழுதாதீர்கள். "பில் கட்டவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் குறுஞ்செய்தி மோசடி. அழைக்காமல் அழித்துவிடுங்கள்.