லேசருக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி

[காட்சி: ஜன்னல் ஓரத்துல ஒரு கைக்கண்ணாடி. பக்கத்துல ஒரு பிளக்கர்.]

எனக்கு 18 வயசுல ஆரம்பிச்ச பழக்கம் இது. காலையில எழுந்ததும் வெளிச்சம் விழுற ஜன்னல்கிட்ட போய் தாடையைத் தடவிப் பார்ப்பேன். விரல்ல சுருக்குன்னு ஒரு முடி தட்டுப்பட்டா, அதைப் பிடுங்காம காலேஜ் பஸ் ஏற மாட்டேன். நான் எதைச் சொல்றேன்னு இதைப் பார்க்கிற பல பேருக்கு உடனே புரிஞ்சிருக்கும். யாருகிட்டயும் பேசாம மனசுக்குள்ளயே வெச்சுக்கிற விஷயம் இது. அதனாலதான் யாராவது "ஒரேயடியா போயிடும்"னு சொன்னா உடனே நம்பிடுறோம்.

எங்க அத்தை பொண்ணு அப்படித்தான் நம்பினா. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல அவ கல்யாணப் புடவை எடுக்கப் போயிருந்தோம். கையில ஒரு நோட்டீஸைக் கொடுத்தாங்க. லேசர்ல முடி எடுக்கிறது, முகம் முழுக்க 6 சிட்டிங், இன்னிக்கே கட்டினா பாதி விலை. கட்டினா. அந்த வாரம்தான் ஊர்த் திருவிழாவுல நாலு நாள் வெயில்ல சுத்திட்டு வந்திருந்தா, முகம் நல்லா கறுத்திருந்துச்சு. அதைப் பத்தி யாரும் ஒரு கேள்வி கேக்கல. சாம்பிளுக்கு ஒரு இடத்துல அடிச்சுப் பார்க்கவும் இல்ல. மறுநாள் காலையில கன்னத்துல தீப்பெட்டி லேபிள் ஒட்டின மாதிரி கட்டம் கட்டமா சிவந்து, அப்புறம் அது கறுத்துப் போச்சு. மெஷினோட முனை எந்த அளவோ, அதே அளவுக் கட்டம். அது மங்க ஏழு மாசம் ஆச்சு. கல்யாண ஆல்பத்துல மேக்கப்புக்கு அடியிலயும் எனக்கு அது தெரியுது.

அது எந்த இடம்னு நான் சொல்லப் போறதில்ல. ஏன் அப்படி ஆச்சுங்கிறதுதான் நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது.

[காட்சி: மொட்டை மாடிக் கொடியில ஒரு கறுப்புத் துணி, ஒரு வெள்ளைத் துணி.]

மதியம் கொடியில காயுற இந்த ரெண்டு துணியையும் தொட்டுப் பாருங்க. கறுப்புதான் சுடும். லேசரும் இதே கணக்குதான். அதுக்கு முடி எது, தோல் எதுன்னு தெரியாது, கறுப்பு மட்டும்தான் தெரியும். முடியில இருக்கிற மெலனின்ங்கிற கறுப்பு நிறமி அந்த ஒளியை உறிஞ்சி சூடாகுது. அந்தச் சூடு வேருக்கும், முடியை மறுபடி முளைக்க வைக்கிற செல்களுக்கும் பரவி அதைக் கெடுக்குது. ஒரு நிறத்தை மட்டும் குறி வெச்சு சூடாக்கலாம்னு ஆண்டர்சன், பாரிஷ்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் 1983-ல விளக்கி எழுதினாங்க. முடி எடுக்கிற லேசர் மெஷின் எல்லாம் அந்த அடிப்படையிலதான் ஓடுது.

ஆனா நம்ம தோல்லயும் அதே மெலனின்தானே இருக்கு? ஒளி முதல்ல தோலைத் தாண்டித்தான் வேருக்குப் போகணும். வெள்ளைத் தோலுக்கு இது பெரிய பிரச்சினை இல்ல. நமக்குப் பிரச்சினை. தோலே ஒளியைக் குடிச்சிட்டா, முடிக்கு விழ வேண்டிய சூடு கன்னத்துல விழும். அத்தை பொண்ணுக்கு நடந்தது இதுதான்.

அதனால நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்ல. "என்ன மெஷின், என்ன அலைநீளம்?" இதைக் கேளுங்க. அலெக்சாண்ட்ரைட் லேசர் 755 நானோமீட்டர். டயோடு 800, 810 பக்கம். என்டி யாக் 1064. அலைநீளம் கூடக் கூட ஒளி ஆழமா இறங்கும், மேல் தோல்ல இருக்கிற மெலனின் அதைக் குடிக்கிறதும் குறையும். மாநிறத்துலேர்ந்து நல்ல கறுப்பு வரைக்கும் இருக்கிற நம்ம தோலுக்கு 1064தான் பாதுகாப்பானது. டயோடும் போடலாம், ஆனா தோலைக் குளிர வைக்கிற வசதியும், நம்ம நிறத்துக்கு அளவைக் குறைச்சு வைக்கத் தெரிஞ்ச ஆளும் இருக்கணும். ஐ.பி.எல்.னு ஒண்ணு சொல்வாங்க. அது லேசரே இல்ல, பல அலைநீளம் கலந்த பளிச்சுனு ஒரு வெளிச்சம். கறுத்த தோலுக்கு அதுல சுட்டுக்கிற வாய்ப்பு அதிகம். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்"னு சொன்னா நான் அங்கேயே எழுந்துடுவேன்.

அடுத்து டெஸ்ட் பேட்ச். தாடைக்கு அடியில, இல்லன்னா காதோரமா, சின்ன இடத்துல ரெண்டு மூணு ஷாட் அடிச்சுப் பார்க்கிறது. நம்ம நிறத்துக்கு அதே நாள்ல பார்த்து "ஒண்ணும் ஆகல"னு சொல்ல முடியாது. தோல் கறுக்கிறதுன்னா சில நாள் கழிச்சுத்தான் தெரியும். ஒரு வாரம் பொறுங்க.

[காட்சி: ராயபுரம், பழைய சிறைச் சாலை. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல்.]

லேசருக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு: இந்த முடி ஏன் வருது? அம்மாவுக்கும் பாட்டிக்கும் இருந்ததுன்னா அது குடும்ப வாகா இருக்கலாம். ஆனா மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகுது, பரு விடாம வருது, எடை ஏறுது, அதோட தாடையில, நெஞ்சுல, அடிவயித்துல முடி தடிமனா வருதுன்னா, அது பி.சி.ஓ.எஸ்.ங்கிற ஹார்மோன் கோளாறா இருக்க வாய்ப்பு உண்டு. ஆண் ஹார்மோன் கூடுதலா இருக்கிற வரைக்கும் புதுசு புதுசா முடி தடிச்சுக்கிட்டேதான் இருக்கும். லேசர் இருக்கிற முடியைத்தான் குறைக்கும், ஹார்மோனைத் தொடாது. காசைக் கொட்டிட்டு "வேலை செய்யல"ன்னு அழுறவங்கள்ல நிறைய பேர் இதைப் பார்க்காம போனவங்கதான்.

இதுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஸ்டான்லியில தோல் டாக்டர்கிட்ட ஓ.பி. சீட்டு போடுங்க. மாதவிடாய்ப் பிரச்சினைன்னா ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்கு. ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின்னு ஹார்மோன் அளவைப் பார்ப்பாங்க, அவங்க வேணும்னு நெனச்சா ஸ்கேன். ஒண்ணு மட்டும் தள்ளிப் போடாதீங்க: சில மாசத்துக்குள்ள திடீர்னு முடி அதிகமாகி, குரலும் கனத்துச்சுன்னா, பார்லர் பக்கம் போகாம நேரா டாக்டர்கிட்ட போங்க.

சரி, காரணம் பார்த்தாச்சு, லேசர்தான்னு முடிவு. இப்ப நம்ம வீட்டுப் பழக்கங்களுக்கு வருவோம்.

முதல்ல, பிடுங்குறதை நிறுத்தணும். த்ரெட்டிங், வேக்சிங், பிளக்கர், எதுவும் கூடாது. 4 வாரம் முன்னாடியே நிறுத்தணும். வேரோட பிடுங்கிட்டா லேசர் எதைச் சுடும்? ஷேவ் பண்ணலாம், பண்ணியும் ஆகணும். முந்தின நாள் ராத்திரி பண்ணுங்க. "பொண்ணு முகத்துல பிளேடு வெச்சா தாடி வளரும்"னு எங்க பாட்டி சத்தியம் பண்ணுவாங்க. வளராது. பிளேடு மேலே தெரியற முடியை மட்டும்தான் வெட்டுது, வேருக்கு அது தெரியவே தெரியாது. வெட்டின முனை மொட்டையா இருக்கிறதால தடிமனாத் தோணுது, அவ்வளவுதான். ஆனா அந்த 4 வாரம் மனசுக்குக் கஷ்டம்தான், அதை நான் மறைக்கல. காலையில பிளக்கரை எடுக்காம இருக்கிறது எனக்கு லேசர் வலியை விடப் பெரிசா இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளிக்கிறவங்க, சிட்டிங் அன்னிக்கு மட்டும் விட்டுடுங்க. பவுடர், க்ரீம், மை, எதுவும் இல்லாத முகத்தோட போங்க. ப்ளீச்சும் வேண்டாம், முடியோட கறுப்பே போயிட்டா லேசருக்கு அடையாளம் இல்லாம போயிடும். அதே காரணத்தால நரைச்ச முடிக்கும் லேசர் எடுபடாது. அதுக்கு எலக்ட்ராலிசிஸ்னு ஒண்ணு, ஒவ்வொரு வேரா ஊசி வெச்சு செய்றது. நேரம் பிடிக்கும், ஆனா எந்த நிற முடியா இருந்தாலும் செய்யும்.

இப்ப வெயில். "வெயில்ல போகாதீங்க"ன்னு ஏசி ரூம்ல உட்கார்ந்து சொல்றது சுலபம். காசிமேட்டுல விடியக்காலை மீன் ஏலம் எடுத்து, மதியம் வரைக்கும் கூடை முன்னாடி உட்கார்ற அக்கா எங்க போவாங்க? அவங்களுக்கு நான் சொல்றது இதுதான். முகத்தை அவசரப்பட்டுச் செய்யாதீங்க. துணிக்குள்ள இருக்கிற அக்குள், கால், இங்கெல்லாம் செஞ்சுக்கிறது உங்களுக்குப் பாதுகாப்பு. முகம்தான் வேணும்னா ஐப்பசி, கார்த்திகை மழையில ஆரம்பிங்க, கத்திரி வெயில்ல ஆரம்பிக்காதீங்க. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், அதுக்கு மேல முந்தானை. புதுசா முகம் கறுத்திருந்தா அன்னிக்கு சிட்டிங்கைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க, "கட்டின காசு போயிடும்"னு பயமுறுத்தினாலும் சரி.

மாத்திரைகளை ஒளிக்காம சொல்லணும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின், டாக்சிசைக்ளின் சாப்பிடுறவங்க, உதட்டுல அடிக்கடி அக்கி மாதிரி கொப்பளம் வர்றவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, முதல்லயே சொல்லிடுங்க. கர்ப்பத்துல தள்ளிப் போடுறதுதான் வழக்கம். பச்சை குத்தின இடத்து மேல லேசர் படவே கூடாது.

மரத்துப் போகிற க்ரீமைப் பத்தித் தனியா ஒரு வார்த்தை. வலிக்குமேன்னு வீட்டுலயே ரெண்டு கால் முழுக்க அப்பி, மேல பிளாஸ்டிக் கவர் சுத்திக்கிட்டுப் போறவங்க உண்டு. அந்த மருந்து தோல் வழியா ரத்தத்துல ஏறி, இதயத்துடிப்பு தடுமாறி, வலிப்பு வந்து உயிரே போயிருக்கு. அமெரிக்க மருந்துத் துறை 2007-லயே இதுக்கு எச்சரிக்கை விட்டுச்சு. எவ்வளவு, எங்க, எத்தனை நேரம்னு டாக்டர் சொன்ன அளவுதான்.

மெஷினை யார் பிடிக்கப் போறாங்கன்னும் கேளுங்க. போர்டுல டாக்டர் பேர் இருக்கும், உள்ளே நேத்து சேர்ந்த பொண்ணு இருக்கும். அந்த டாக்டரோட பதிவு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்ல இருக்கான்னு பார்க்கலாம். உங்களுக்கும் மெஷின் பிடிக்கிறவங்களுக்கும் கண்ணை மூடுற பாதுகாப்புக் கண்ணாடி இருக்கணும். புருவத்துக்கு அடியில, கண்ணை ஒட்டி அடிக்க விடவே கூடாது, கருவிழி பாதிச்சவங்க இருக்காங்க.

"6 சிட்டிங், மொத்தமும் போயிடும்" – இதை நம்பாதீங்க. முடி எல்லாம் ஒரே நேரத்துல வளர்றதில்ல. வளர்ற பருவத்துல இருக்கிற முடியைத்தான் லேசர் பிடிக்கும், மத்தது தூங்கிட்டு இருக்கும். அதனாலதான் முகத்துக்கு 4லேர்ந்து 6 வாரம், உடம்புக்கு 6லேர்ந்து 8 வாரம் இடைவெளி. 6லேர்ந்து 8 சிட்டிங், அப்புறமும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு. அமெரிக்காவுல இந்த மெஷினுக்குக் கொடுக்கிற அனுமதியிலயே "நிரந்தரமாகக் குறைத்தல்"னுதான் போடுறாங்க, நீக்குதல்னு இல்ல. நம்ம நிறத்துப் பெண்கள் சிலருக்கு, அதுவும் ஹார்மோன் பிரச்சினை இருந்தா, லேசருக்கு அப்புறம் கன்னத்துலயும் கழுத்துலயும் பூனை முடி தடிச்சு அதிகமாகிறதும் உண்டு. பூனை முடிக்கு லேசர் வேண்டாம்னு டாக்டர் சொன்னா அது உங்க நல்லதுக்குத்தான்.

திருநங்கை அக்காங்க நிறைய பேர் இதைக் கேட்டிருந்தீங்க. தாடி முடி தடிமன், வேர் ஆழம். ஏற்கெனவே வந்த தாடி ஹார்மோன் மாத்திரையால போகாது. அதனால சிட்டிங் கூடுதலா ஆகும், வலியும் கூடும். ஆபரேஷன் யோசனை இருந்தா எந்த இடத்து முடியை முன்கூட்டி எடுக்கணும்னு சர்ஜனைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

[காட்சி: அதே ஜன்னல், அதே கண்ணாடி.]

அத்தை பொண்ணுக்கு நடந்ததுக்கு அப்புறம் நான் ரெண்டு வருஷம் பயந்துட்டு இருந்தேன். பிறகு டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, மாத்திரை எடுத்து, தாடையில டெஸ்ட் பேட்ச் போட்டு, 1064-லதான் ஆரம்பிச்சேன். பேக்கேஜ் எடுக்கல, ஒவ்வொரு சிட்டிங்கா கட்டினேன். ரப்பர் பேண்டை இழுத்துச் சுள்ளுன்னு விட்ட மாதிரி இருந்துச்சு, கருகின முடி வாசனை வந்துச்சு. அன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் வேரைச் சுத்திச் சின்னச் சின்னத் தடிப்பு, ஐஸ் ஒத்தடத்துல அடங்கிடுச்சு. கொப்பளம் வந்திருந்தா அன்னிக்கே திரும்பிப் போயிருப்பேன்.

ஒரு வாரத்துல முடி மறுபடி வளர்ற மாதிரி தெரிஞ்சுது. பயந்துட்டேன். அது வளர்றதில்ல, செத்த முடி மேல தள்ளிட்டு வர்றது, பிடுங்காதேன்னு சொல்லியிருந்தாங்க. கையைக் கட்டிட்டு இருந்தேன். பன்னிரண்டாவது நாள் முகம் கழுவித் துண்டால ஒத்தினப்ப, வெள்ளைத் துண்டுல மிளகுத்தூள் மாதிரி ஒட்டிட்டு வந்துச்சு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.