எலும்பில் தங்கிய ஈயம்

நேயர்களுக்கு வணக்கம்.

மாரடைப்பிலிருந்து மீண்டு வருபவரிடம் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றைப் பற்றி மருத்துவர்கள் தவறாமல் விசாரிப்போம். ஆனால், எத்தனை ஆண்டுகள் ஈயத்தோடு புழங்கினீர்கள் என்று கேட்பவர்கள் அரிது. நெடுங்காலம் நானும் கேட்டதில்லை. ஈயம், காட்மியம், ஆர்சனிக் ஆகிய மூன்றையும் இதய நோயோடு தொடர்புபடுத்தி அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் அறிவியல் அறிக்கையொன்றை வெளியிட்டது.

உடல் ஈயத்தைக் கால்சியம் என்றே எண்ணி ஏமாறுகிறது. இரத்தத்தில் கலந்த ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எலும்பில் பதிந்ததோ பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்து, முதுமையில் எலும்பு தேயும்போது மீண்டும் இரத்தத்தில் கசிகிறது. இரத்தக்குழாய் விரிந்து கொடுப்பதற்கு வேண்டிய நைட்ரிக் ஆக்சைடை அது குறைப்பதால், குழாய் விறைத்து அழுத்தம் ஏறுகிறது. காட்மியம் சிறுநீரகத்தில் இதேபோல் நெடுங்காலம் தங்கும். புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் சேர்த்து வைப்பதால், புகைப்பவர் உடலில் அது கூடுதலாகவே இருக்கும்.

அப்படியானால் உலோகத்தை வெளியேற்றிவிட்டால் அடுத்த மாரடைப்பைத் தடுக்கலாமா? இ.டி.டி.ஏ. என்னும் மருந்து உலோகத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் இறங்கும். அதைக் கொண்டு செய்யும் கீலேஷன் சிகிச்சையை, முன்பே மாரடைப்பு கண்ட 1,708 பேரிடம் சோதித்தார்கள். அரை லிட்டர் மருந்து, கையிலுள்ள இரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக, குறைந்தது மூன்று மணி நேரம்; இப்படி 40 முறை. அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதால்தான் அத்தனை பொறுமை. 2013இல் முடிவு வெளியானபோது, மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டதில், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்றுக் கரைசல் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினரும் சிகிச்சை பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரும் பாதிக்கப்பட்டிருந்தனர். நீரிழிவு உள்ளவர்களிடம் பலன் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. எதிர்பார்க்காத முடிவு, அதனாலேயே பலர் நம்பவில்லை.

ஆகவே, நீரிழிவோடு மாரடைப்பும் கண்டவர்களிடம் மட்டும் இரண்டாவது ஆய்வு நடந்தது. 2024இல் வந்த முடிவின்படி, இரத்த ஈயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் இரு பிரிவிலும் பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு, வித்தியாசமே இல்லை. இதனால் ஈயம் குற்றமற்றது என்று ஆகிவிடாது. பல பத்தாண்டுகளாகக் குழாய்ச் சுவரில் நேர்ந்த சேதத்தை ஓராண்டுச் சிகிச்சை சரிசெய்துவிடாது என்பது என் கருத்து. ஆனால், இந்தச் சிகிச்சையை நம்பி இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையையும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் நிறுத்துபவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் அச்சமாக இருக்கிறது.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் பட்டறையில் 25 ஆண்டுகள் உழைத்த ஒருவர், மாரடைப்புக்குப் பின் என்னிடம் வந்து, "இந்த ஈயத்தை எடுத்துவிட முடியாதா, டாக்டர்?" என்று கேட்டார். மேலே சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். எழுந்து கதவருகே சென்றவர் திரும்பி, தம் மகனும் அதே பட்டறையில்தான் இருப்பதாகச் சொன்னார். அவரை மறுபடியும் உட்கார வைத்து, முகமூடி, கை கழுவாமல் சாப்பிடுவது, வேலை உடுப்போடு வீட்டுக்குள் நுழைந்து குழந்தையைத் தூக்குவது என்று அரை மணி நேரம் பேசினோம்.