துரையின் வராந்தாவும் நம் காணி உறுதியும்

தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் ஐயா அவர்களே, மண்டபம் தந்து உதவிய அதிபர் அவர்களே, மாதர் சங்கத் தலைவிமாரே, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்.

இலங்கையில் தேயிலைத் தொழிலுக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் டெய்லர் துரையைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: கோப்பி, காய்ச்சலுக்கு மருந்துப் பட்டை தரும் சிங்கோனா மரம், தேயிலை. 1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். 1852இல், மீசை அரும்பும் வயதில், இலங்கைக்கு வந்து லூல்கந்துர தோட்டத்தில் அமர்ந்தார். தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. புதுக் கன்று கிடைத்தால் நட்டுப் பார்க்காமல் விடமாட்டார், அவ்வளவுதான். 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டே வருடத்தில் கோப்பி இலையில் பூஞ்சண நோய் விழுந்தது. நாளடைவில் மலையெல்லாம் கோப்பி பட்டுப்போக, இவரிடம் தேயிலை நின்றது.

அந்தத் தேயிலை எங்கே தயாரானது தெரியுமா? பங்களா வராந்தாவில்! மேசையில் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்தி உருட்டுவார்கள். அப்புறம் களிமண் அடுப்பு, கரி நெருப்பு, மேலே கம்பித் தட்டு. நம் பாட்டிமார் அடுப்படியில் பட்ட புகையை அந்த வராந்தாவும் பட்டது. 1873இல் 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது. தேயிலையோடு துரையின் பேர் போனது. உருட்டிய கைகளின் பேர்? ஏழை சொல் அம்பலம் ஏறாது.

இன்னொன்று கேளுங்கள். நாற்பது வருடம் உழைத்த அதே துரையை, 1892இல், கம்பெனி வெளியே போகச் சொன்னது. போகமாட்டேன் என்றார். அந்த மே 2ஆம் தேதி வயிற்றுளைவில் இறந்தார். பாரிய உடம்பு. தோட்டத்து ஆட்கள்தான் முறை மாற்றி முறை மாற்றி மலையிறக்கிக் கண்டி வரை சுமந்தார்கள். கல்லறைக் கல்லில் தேயிலை என்றும் எழுதியிருக்கிறது, சிங்கோனா என்றும் எழுதியிருக்கிறது. தோள் கொடுத்தவர் ஒருவர் பேர் இல்லை.

சிங்கோனாவை இன்னொரு நாள் பேசலாம், நேரமில்லை. துரைக்கே அந்தக் கதி என்றால் நமக்கு? 1948இல் தோட்டத் தமிழர் நம் குடியுரிமையைப் பறித்தார்கள்; போராடி வாங்கினோம். நாம் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக் காணிக்கு இன்னும் எத்தனை குடும்பத்திடம் உறுதிப் பத்திரம் இல்லை! ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அதனால்தான் எழுத்தில் கொண்டுவந்திருக்கிறோம். ஐயா, கூட்டம் முடிந்ததும் மனுவை உங்கள் கையில் தருகிறேன். கையெழுத்துப் போடாதவர்கள் வாசல் மேசைக்கு வாருங்கள். கைநாட்டு என்றாலும் சரி.