மைக்கில் வராத குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

காவல்துறை வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பேச்சில் வயர்லெஸ் என்று சொல்ல மாட்டோம், ‘மைக்’ என்றுதான் சொல்வோம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டு ஒரு இடத்திலிருந்து பதில் வரவில்லை என்றால் எங்களுக்கு முதலில் வரும் நினைப்பு, செட் ரிப்பேர். அடுத்தது, பேட்டரி இறங்கியிருக்கும். அதற்கடுத்து, ஆள் டீ குடிக்கப் போயிருப்பார். அங்கே ஏதோ நடந்துவிட்டது என்பது கடைசியாகத்தான் மண்டைக்கு ஏறும். இது அலட்சியம் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை உண்மையிலேயே செட்தான் ரிப்பேராக இருக்கும்.

அந்த நூறாவது தடவை ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். 1996 ஜூலை மாதம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சியாரா நெவாடா மலையில் ராண்டி மார்கென்சன் என்ற ரேஞ்சர் காணாமல் போனார். அப்போது அவருக்கு வயது 54.

ரேஞ்சர் என்றதும் நம்மூர் கணக்கில் ஜீப்பு, அலுவலகம், கீழே வேலை பார்க்க நாலு வனக்காவலர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிகோயா, கிங்ஸ் கேன்யன் என்று ஒட்டியே இருக்கும் இரண்டு தேசியப் பூங்காக்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதிக்கு ரோடே கிடையாது. கோடை தொடங்கும்போது ஹெலிகாப்டரில் ஒரே ஒரு ஆளையும், அந்தப் பருவத்துக்கான அரிசி பருப்பு மாதிரியான சாமான்களையும் உள்ளே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். சில இடங்களில் மரத்தாலான சின்ன அறை இருக்கும், சில இடங்களில் வெறும் கித்தான் கூடாரம்தான். பனி திரும்பி வரும்வரை அதுதான் வீடு, அதுதான் ஆபீஸ்.

வேலை என்னவென்று கேட்டால், நடப்பதுதான் முக்கால்வாசி. மலையேற வருகிறவர்களின் அனுமதிச் சீட்டைப் பார்க்க வேண்டும். உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியும் வாந்தியுமாகக் கிடப்பவரைக் கீழே இறக்க ஏற்பாடு செய்ய வேண்டும். வழி தவறியவரைத் தேட வேண்டும், விழுந்து செத்தவரின் உடலை எடுத்துவர வேண்டும். இது போக, மலையேற வந்தவர்கள் விட்டுப்போன குப்பையைச் சுமப்பதும் இவர்தான். மார்கென்சனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. முகாம் போடுகிறவர்கள் அடுப்புக்காகக் கல்லை வட்டமாக அடுக்கிவைத்துவிட்டுப் போவார்கள் அல்லவா? அதைக் கண்டால் விடமாட்டார். கல்லைப் பிரித்து எறிந்து, கரியைக் கலைத்து, மனிதன் வந்துபோன அடையாளமே தெரியாமல் செய்துவிட்டுத்தான் நகர்வார். பொதி சுமக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் ஈரப் புல்வெளியை மிதித்து நாசம் செய்கின்றன என்று வருடந்தோறும் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவர்.

யோசெமிட்டி பள்ளத்தாக்கிலேயே வளர்ந்த ஆள். அப்பா அங்கே ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார், பூக்களைப் படம் பிடிப்பதிலும் ஆட்களை அழைத்துப்போய்க் காட்டுவதிலும் பெயர் வாங்கியவர். மகன் அறுபதுகளில் ‘பீஸ் கோர்’ என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பு வழியாக நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார், இமயமலையையும் பார்த்திருக்கிறார். ஆனாலும் திரும்பத் திரும்ப அவர் போய் நின்றது சியாராவில்தான். 1965-ல் தொடங்கி, காணாமல் போன கோடையோடு சேர்த்து 28 கோடைகள் அங்கே வேலை பார்த்தார் என்பது கணக்கு.

28 கோடை என்று சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் அது அரைகுறைச் செய்தி. அவர் நிரந்தர ஊழியர் இல்லை. பருவகால ஊழியர். கோடை முடிந்தால் வேலை முடிந்தது. அடுத்த வருடம் மறுபடி எடுத்துக்கொண்டால்தான் உண்டு. நிரந்தர ரேஞ்சருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் இவர்களுக்குக் கிடையாது. நம்மூர் தினக்கூலி வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள்.

சரி, அந்த ஜூலைக்கு வருவோம். அந்த வருடம் அவருக்குக் கொடுத்த இடம் பெஞ்ச் ஏரி. கிட்டத்தட்ட 3,200 மீட்டர் உயரம். அங்கிருந்து தெற்கே ஏறினால் பின்ச்சோ கணவாய், அது 3,700 மீட்டரை ஒட்டி வரும். ஜூலையிலும் ஏரிகளின் மேல் பனிக்கட்டி மிதக்கும் ஊர் அது. ஜூலை 21-ம் தேதி கூடாரத்தில் ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டு ரோந்துக்குக் கிளம்பினார். மூன்று நாலு நாள் ஆகும், வாக்கி டாக்கி உள்ளே இல்லை, கையோடு கொண்டுபோகிறேன், முகாமைக் கலைக்காதீர்கள் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு அவர் குரலை யாரும் கேட்கவில்லை.

நான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். கையில் வைத்துப் பேசும் செட்டின் அலை நேர்கோட்டில் போகும். நடுவில் ஒரு மலை வந்தால் நின்றுவிடும். அதனால்தான் உச்சிகளில் ரிப்பீட்டர் வைக்கிறோம். இங்கேயிருந்து போகும் அலையை அது வாங்கி, பலம் கூட்டி, அந்தப் பக்கம் தள்ளிவிடும். ஆனால் சியாரா முழுக்கக் கருங்கல். பனியாறுகள் குடைந்த செங்குத்தான பள்ளங்கள். ரிப்பீட்டர் கண்ணுக்குத் தெரியாத குழிக்குள் இறங்கிவிட்டால், எவ்வளவு நல்ல செட்டாக இருந்தாலும் கையில் இருப்பது கனமான ஒரு டப்பா, அவ்வளவுதான். அந்த ரேஞ்சர்களுக்கு தினமும் மைக்கில் ஆஜர் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு நாள் ஒருவர் ஆஜராகவில்லை என்றால், பள்ளத்துக்குள் இருப்பார், நாளைக்கு மேலே ஏறியதும் பேசுவார் என்று எடுத்துக்கொள்வார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். போதாக்குறைக்கு, நாலு நாள் ஆகும் என்று அவரே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை 24-ம் தேதி தேடல் தொடங்கியது. ஏறக்குறைய நூறு பேர், ஹெலிகாப்டர்கள், மோப்ப நாய்கள் என்று ஆகஸ்ட் தொடக்கம் வரை போனது. தேடியவர்களில் பலர் அவருடனேயே வருடக்கணக்கில் வேலை பார்த்த ரேஞ்சர்கள்.

இம்மாதிரித் தேடலில் ஒரு முறை உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்துப் போனதால் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். அனுபவமுள்ள ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஆள் எந்தக் கட்டத்தில் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று எழுதித் தரச் சொல்வார்கள். எல்லாக் கட்டமும் சேர்ந்து 100 வர வேண்டும். சத்தமாகப் பேசுகிற ஆளின் கருத்தே எல்லோர் கருத்தாகவும் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் தனித்தனியாக எழுதச் சொல்வது. பிறகு சராசரி எடுத்து, அதிக மதிப்பெண் வாங்கிய கட்டத்தில் முதலில் இறங்குவார்கள்.

தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் அந்தக் கட்டத்தை அடித்துவிடுவதில்லை. 20 சதவீதம் போட்ட கட்டம் என்று வையுங்கள். ஆள் அங்கே இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கப் பாதி வாய்ப்பு என்னும் அளவுக்குத்தான் தேட முடிந்தது. இப்போது அதன் மதிப்பு பூஜ்யம் ஆகாது, 11 சதவீதம் ஆகும். குறைந்தது மற்றக் கட்டங்களுக்குப் பகிர்ந்து போகும். காகிதத்தில் இது மிக நேர்மையான கணக்கு. ஆனால் ஒரு இடத்துக்குப் போய் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்த மனிதனின் மனதில் அந்த இடம் ‘பார்த்தாச்சு’ என்றுதான் பதியும். 11 என்று பதியாது.

அந்தக் காகிதத்தில் கடைசியாக இன்னொரு கட்டமும் உண்டு. இந்த வரைபடத்துக்கு வெளியே, உலகத்தில் வேறெங்கோ என்று பொருள். ஆள் இங்கேயே இல்லை, போய்விட்டார் என்று நினைப்பவர் அதில் எண் போடலாம். இருபது வருடப் பழக்கமுள்ள ஒருவன், தன் நண்பனின் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் என்ன எண்ணை எழுதுவான்? என்னால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏனென்றால் அப்படி நினைக்க அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. மார்கென்சனின் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. விவாகரத்துத் தாள்கள் அவர் கைக்கு வந்திருந்தன. அந்தக் கோடையில் ஆள் சோர்ந்துபோய் இருந்ததை உடனிருந்தவர்கள் கவனித்திருந்தார்கள். தானாகவே எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விட்டாரோ, உயிரை மாய்த்துக்கொண்டாரோ என்ற பேச்சு தேடல் நடக்கும்போதே எழுந்தது. யார் கண்ணுக்கும் படாமல் அந்த மலையில் நடக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர் இருந்தால் அது அவர்தான் என்பதும் அந்தப் பேச்சுக்குத் துணையாகப் போனது.

ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஐந்து வருடம் ஓடியது.

2001 ஜூலையில், மலைப்பாதை பராமரிக்கும் பணிக்குழுவைச் சேர்ந்தவர்கள் ‘விண்டோ பீக்’ என்ற சிகரத்தின் கீழே, பாதையே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில் ஓடையோரம் சில பொருட்களைப் பார்த்தார்கள். பூட்ஸ். எலும்புகள். ரேஞ்சர் சட்டை. முதுகுப்பை. வாக்கி டாக்கி. பெஞ்ச் ஏரியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. 1996-ல் தேடிய கட்டங்களில் அந்தப் பள்ளத்தாக்கும் ஒன்று.

எப்படி இறந்தார் என்பதை எலும்புகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேலே உள்ள சிறு ஏரியின் பனி மூடிய விளிம்பில் கால்வைத்தபோது பனி உடைந்து உள்ளே விழுந்திருக்கலாம், பிறகு உருகிய நீர் உடலை ஓடைவழியே இழுத்துவந்திருக்கலாம் என்பது அந்த மலையை அறிந்தவர்கள் பலர் சொல்லும் ஊகம். தற்கொலைதான் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் அவர்கள் கட்சி இல்லை. இரண்டு பொருட்களை வைத்துச் சொல்கிறேன். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை, கொக்கி மாட்டியபடியே இருந்தது. மூட்டையை இறக்கிவைத்து உட்கார்ந்து யோசித்த மனிதனின் பை அப்படி இருக்காது. அது நடந்துகொண்டிருந்தவன் பை. இன்னொன்று, அந்த வாக்கி டாக்கியின் திருகு ‘ஆன்’ நிலையில் இருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க, பேசும்போது மட்டும்தான் செட்டைப் போடுவோம். வேலை முடிந்ததும் அணைப்பது எங்கள் கைக்குப் பழகிப்போன செயல், தூக்கத்தில்கூடச் செய்வோம். ஆன் செய்யப்பட்ட செட் என்றால், என்னைப் பொறுத்தவரை, அவர் யாரையோ கூப்பிட்டார், அல்லது கூப்பிட முயன்றார். இது நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியம் இல்லை. வருடக்கணக்காக மைக் பிடித்தவனின் தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனக்கஷ்டம் இருந்தது உண்மை. ஆனால் மனக்கஷ்டத்தில் இருப்பவனுக்கும் பனி உடையும், கால் வழுக்கும். அவருடைய மனதை நன்றாக அறிந்தவர்களுக்குத்தான் இந்தச் சாதாரண விஷயம் கண்ணில் படாமல் போனது. முன்பின் தெரியாத ஒருவர் காணாமல் போயிருந்தால் எங்கே விழுந்திருப்பார் என்று மட்டும்தான் கேட்டிருப்பார்கள்.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோளுக்கே செய்தி அனுப்பும் கருவியைப் பொதுமக்கள் நிலத்தில் பயன்படுத்த அமெரிக்காவில் 2003 ஜூலையிலிருந்து அனுமதி கிடைத்தது. அதற்கு ரிப்பீட்டர் வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். ஆனால் பொத்தானை அழுத்த ஆளுக்கு நினைவு இருக்க வேண்டும், கருவி தண்ணீருக்குள் முங்கியிருக்கக் கூடாது.

தானாகப் போய்விட்டார் என்ற சந்தேகம் சும்மா வந்து சும்மா போகிற ஒன்றில்லை. அதற்கு விலை உண்டு. அரிசோனா மாநிலத்தில் சிரிகாவா என்றொரு பாதுகாக்கப்பட்ட மலைப்பகுதி. அங்கே பால் ஃபூகேட் என்ற ரேஞ்சர் 1980 ஜனவரி 13-ம் தேதி மத்தியானம், பாதையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சீருடையோடு கிளம்பினார். திரும்பவில்லை. துறை என்ன செய்தது தெரியுமா? வேலையைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று அவரைப் பணியிலிருந்து நீக்கியது. காணாமல் போன கணவனுக்காகக் காத்திருந்த மனைவி, அவர் ஓடிப்போனவர் இல்லை என்று அரசாங்கத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. வருடங்கள் கழித்துத்தான் அந்த உத்தரவை மாற்றினார்கள். மார்கென்சனுக்காவது ஒரு சட்டையும் செட்டும் சாட்சி சொன்னது. ஃபூகேட்டின் உடல் இதுவரை கிடைக்கவில்லை.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.