தலைவாஸ் தோத்தா யாரைத் திட்டுறது? தேவிபட்டினம் தம்பிக்குப் பதில்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். இது வாய்ஸ் மெசேஜா வந்துருக்கு, நாலு நிமிசம் மூச்சு விடாம பேசிருக்காப்ல, முழுசாப் போட்டா வீடியோ தாங்காது, அதனால நானே சுருக்கிச் சொல்லிர்றேன். தம்பிக்குச் சொந்த ஊரு தேவிபட்டினம் பக்கம், இப்ப துபாய்ல வேலை பாக்குறாரு. என்ன கேக்குறாருன்னா, "அண்ணே, 2017ல புரோ கபடி லீக்ல தமிழ் தலைவாஸ் டீம் ஆரம்பிச்சப்ப நான் பத்தாவது படிச்சேன், அன்னையிலேர்ந்து மேட்ச் விடாம பாத்து நொந்து போயிட்டேன், கோடிக்கணக்குல காசு குடுத்து ஆள் எடுக்குறாங்க, கடைசில போய் நிக்கிறாங்க, நம்ம தமிழ்நாட்டுப் பசங்களை ஏன் எடுக்க மாட்டேங்குறாங்க, பேசாம நான் வேற டீமுக்கு மாறிரவா? இங்க எங்க சூப்பர்வைசர் வேல்ஸ் நாட்டுக்காரரு, ரக்பி பைத்தியம், அவங்க நாட்டு டீம் தொடர்ந்து 18 மேட்ச் தோத்துச்சு, அந்த மனுசன் அப்பவும் செவப்பு ஜெர்சியப் போட்டுக்கிட்டுத்தான் டிவி முன்னாடி உக்காந்தாரு, அவருக்கு இருக்குற பொறுமை எனக்கு மட்டும் ஏண்ணே இல்ல?" அப்படிங்குறாரு.

தம்பி, மொதல்ல சிரிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒண்ணும் உங்களுக்குப் புத்தி சொல்ற எடத்துல இல்ல. 2017ல எங்க ஊர்ல வலை கொட்டகைச் செவுத்துல வெள்ளை வேட்டியக் கட்டி ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுத்துப் போட்டு மேட்ச் பாத்தோம், வாடகைக் காசுல பாதி என் காசு. அஜய் தாக்கூர் கேப்டன், சச்சின் டெண்டுல்கர் ஓனர்கள்ல ஒருத்தரு, அடேயப்பா இனி நம்மள கையில பிடிக்க முடியாதுன்னு நெனச்சோம். அப்ப டீமுங்களை ரெண்டு சோனாப் பிரிச்சு ஆட விட்டாங்க, நம்மாளுங்க சோன் பி-ல கடைசி. சரி மொத வருசம்தானேன்னு மனசத் தேத்திக்கிட்டா, 2018 அக்டோபர் 7, சென்னைல மொத மேட்ச், எதிர்ல பாட்னா பைரேட்ஸ், அதுக்கு முந்தி வரிசையா மூணு தடவை கப்பு தூக்குன டீம், அவங்களை 42-26ன்னு அடிச்சாங்க பாருங்க, எங்க தெருவுல தீபாவளிக்கு வாங்கி வச்ச வெடிய அன்னைக்கே போட்டுத் தீத்துட்டானுங்க. அடுத்தடுத்த நாள்ல அதே சென்னைல வரிசையா ஒத வாங்குனாங்க, அந்த வருசமும் சோன்ல கடைசி. தீபாவளிக்கு வெடி இல்லாமப் போனதுதான் மிச்சம்.

2019 தான் கொடுமையிலயும் கொடுமை. அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர், மூணு பேரும் ஒரே டீம்ல, அதாவது போஸ்டர்ல போடுறதுக்கு எடம் பத்தாத அளவுக்கு ஸ்டாரு. 12 டீம்ல 12வது. அந்த வருசம்தான் எங்க வீட்டு ரிமோட் ஒடஞ்சது, எப்படி ஒடஞ்சதுன்னு வீட்டுல இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அப்பல்லாம் ஒரு ரூல் இருந்துச்சு, ஏழு பாயிண்ட்டு இல்ல அதுக்குக் கம்மியான வித்தியாசத்துல தோத்தா ஒரு பாயிண்ட் குடுப்பாங்க, நம்மாளுங்க அந்த ஒத்தப் பாயிண்டப் பொறுக்கிக்கிட்டே சீசனை ஓட்டுனாங்க, மீனெல்லாம் ஏலம் போனப்புறம் கரையில செதறிக் கெடக்குறதப் பொறுக்குவாங்கல்ல, அந்த மாதிரி.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நீங்க கோடி குடுத்தும் ஏன்னு கேக்குறீங்கல்ல, அந்தக் கேள்விக்கு 2022ஐப் பாத்தா பதில் கெடைக்கும். அந்த வருசம் பவன் ஷெராவத்னு ஒரு ரைடரை, அதான் எதிராளி பக்கம் பாடிப் போறவரை, 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க, அதுவரைக்கும் புரோ கபடில எவனுக்கும் அம்புட்டுக் காசு குடுத்தது கெடையாது. மொத மேட்ச், குஜராத் கூட, முட்டியில அடி, ஆளைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க, சீசன் முழுக்க அவரு இல்ல. நாங்க எல்லாம் சரி முடிஞ்சு போச்சு சோலின்னு எந்திரிச்சுப் போயிட்டோம். ஆனா என்ன நடந்துச்சு? தலைவாஸ் இன்னைக்கு வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் செமி ஃபைனல் போயிருக்கு, அது அந்த வருசம்தான்! நரேந்தர்னு புதுசா வந்த பையன், அவனை அதுக்கு முந்தி ஒருத்தனுக்கும் தெரியாது, 243 ரைடு பாயிண்ட் எடுத்தான். தோத்தா வெளியங்குற எலிமினேட்டர்ல யூபி கூட 36-36 டை ஆகி டை பிரேக்கர்ல ஜெயிச்சு, செமில புனே கூட 37-39, வெறும் ரெண்டே பாயிண்ட்ல போச்சு. அன்னைக்குத் தோத்ததுக்கு மட்டும் நான் யாரையும் திட்டல, இன்னும் சொல்லப்போனா கண்ணு கலங்கிருச்சு.

காசு குடுத்த ஆளு ஆஸ்பத்திரில, டீம் செமில. எப்படி? ஏன்னா பின்னாடி நின்ன பசங்க, சாகர், சாஹில் குலியா, மோஹித், ஹிமான்சு, நம்ம அபிஷேக், இவங்கள்லாம் அதுக்கு முந்துன வருசமே சேந்து நின்னவங்க. அந்த வருசம் டீம் 11வது எடம்தான், ஆனா அந்தத் தோல்விலதான் அவங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் பழகுனாங்க. ரைடர் தனியாளாப் போயி 30 செகண்டுல எதையாவது பண்ணிட்டு வந்துருவான், அவனை நீங்க காசு குடுத்து வாங்கலாம். டிஃபென்ஸை, அதான் சேந்து நின்னு பிடிக்கிற கூட்டத்தை, வாங்க முடியாது தம்பி. ஓரத்துல நிக்கிற கார்னர்காரன் காலைப் பிடிக்கும்போது உள்பக்கமா நிக்கிற கவர்காரன் கூடவே வந்து விழணும், அரை செகண்டு பிந்துனா ரைடர் இழுத்துக்கிட்டுக் கோட்டுக்குப் போயிருவான், உள்ள நாலு பேரு அவுட்டு. கண்ணைப் பாத்துத்தான் பிடிக்கணும், சொல்லிக்கிட்டெல்லாம் பிடிக்க முடியாது.

கரைவலை இழுக்குறதப் பாத்துருப்பீங்க. ரெண்டு பக்கமும் கயிறு, இந்தப் பக்கம் இருபது பேரு, அந்தப் பக்கம் இருபது பேரு, ஒரு பக்கம் வேகமா இழுத்து ஒரு பக்கம் தொய்ய விட்டா மடியில மீன் நிக்குமா? அதுக்குத்தான் பாட்டுப் பாடி இழுக்குறது. வருசா வருசம் அந்தப் பக்கம் இருபது பேரையும் மாத்திட்டு, தலைமை தாங்குற தண்டல்காரரையும் மாத்திட்டு, ஆனா ஒரே ஒரு பயில்வானுக்கு மட்டும் ரெண்டு கோடி குடுத்து நடுவுல நிறுத்துனா? அதத்தான் பண்றாங்க. பாஸ்கரன், உதயகுமார், ஆஷன் குமார், சேரலாதன், சஞ்சீவ் பலியான்னு கோச் மாறிக்கிட்டே இருக்காங்க, இதுல சீசன் நடுவுலயே மாத்துன கதையும் உண்டு. 2024ல சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம், வந்தது 9வது எடம். 2025ல மறுபடி பவன் வந்தாரு, கூட அர்ஜுன் தேஷ்வால், இந்தத் தடவை கன்ஃபார்ம்னு எங்க டீக்கடைல ஒருத்தரு பந்தயமே கட்டுனாரு, பாதி சீசன்ல பவன் டீம்ல இல்ல, டீம் ஒழுங்குப் பிரச்சினைன்னு சொன்னுச்சு, அவரு இல்லவே இல்லைன்னாரு, நமக்கெதுக்கு அந்தப் பஞ்சாயத்து, மொத எட்டு எடத்துக்குள்ள கூட வரல, அம்புட்டுத்தான்.

ஒரு கூத்து சொல்லவா, அதே 2025ல மும்பைல ரக்பி பிரீமியர் லீக்னு மொத தடவை நடத்துனாங்க, அதுல கப்பு வாங்குனது யாரு தெரியுமா, சென்னை புல்ஸ்! நம்ம ஊர்ப் பேருல ஒரு டீம் கப்பு வாங்கிருச்சு, இங்க ஒரு ஈ காக்காய்க்குத் தெரியல. நாம தோக்குற டீமுக்குத்தான் அழுதுக்கிட்டு உக்காந்துருந்தோம்.

அடுத்து தமிழ்ப் பசங்களை ஏன் எடுக்கலைங்குறது. இதுல நான் உங்க கூட முழுசா ஒத்துப் போக மாட்டேன். எடுக்கவே இல்லைன்னு சொல்லாதீங்க, பிரபஞ்சன் ஆடிருக்காரு, அபிஷேக் ஆடிருக்காரு, மாசானமுத்து ஆடிருக்காரு, எடுத்தவங்கள்ல பாதிப் பேரைப் பெஞ்சுல உக்கார வச்சாங்கன்னு சொல்லுங்க, நானும் கூட சேந்து கத்துறேன். சேரலாதன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரு, 2016ல பாட்னாவுக்குக் கேப்டனா இருந்து கப்பு தூக்குனாரு, அப்ப நமக்குன்னு டீமே கெடையாது. தெறமைக்கு என்ன கொறை இங்க? கண்ணகி நகர் கார்த்திகா, வடுவூர் அபினேஷ், ரெண்டு பேரும் 2025ல பஹ்ரைன்ல ஆசிய யூத் கேம்ஸ்ல தங்கத்தோட வந்தாங்கல்ல.

ஆனா ஹரியானாக்காரன் வந்து நம்ம எடத்தைப் பிடிச்சுக்கிட்டான்னு பேசுறது இருக்கே, அது எனக்குப் பிடிக்கல. அங்க சின்ன வயசுலேர்ந்து மேட்ல, அதான் விரிப்புல, ஆடுறான், ஆடுனா ரயில்வேல, சர்வீசஸ்ல வேலைன்னு வீட்டுலயே நம்பி அனுப்புறாங்க. நம்ம கரையில என்ன நெலமை? கடல் மணல்ல ஆடுறோம். மணல்ல ஆடுனா தொடை நல்லா ஏறும், அது நெசம், ஆனா மேட்ல கால் பிடிக்கிற பிடியே வேற, மணல்ல பொதஞ்சு நின்னு பழகுனவன் மேட்ல ஷூ போட்டு நின்னா மொத ஒரு மாசம் வழுக்கிக்கிட்டுத்தான் கெடப்பான். எங்க ஊர்ல ஒரு பையன் இருந்தான், பேரு வேணாம், லெஃப்ட் கார்னர், அவன் கணுக்காலைப் பிடிச்சா சுறா வாயில மாட்டுன மாதிரி. செலக்சன்னு மதுரைக்குக் கூப்பிட்டாங்க, அன்னைக்குப் பாத்து விசைப்படகு கடலுக்குப் போற நாளு, வாரத்துக்கு மூணு நாள்தான் போக விடுறாங்க, அதுல ஒரு நாள் போகலைன்னா வீட்டுல ஒலை இல்ல. போகல. இப்ப அவன் போட்டுல ட்ரைவரா இருக்கான், நல்லாத்தான் இருக்கான், நான் ஒண்ணும் சோகக்கதை சொல்லல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளு, அந்த 61 நாள்தான் எங்க பக்கம் கபடி சீசன், ஊருக்கு ஊரு டோர்னமெண்ட், அப்ப வந்து பாருங்க ஆட்டத்தை. டீம்காரங்க ஒருத்தராவது அப்ப இங்க வந்து பென்சில் பேப்பரோட உக்காந்துருந்தா நான் கேள்வியே கேக்க மாட்டேன். தமிழ்னு பேரை வச்சுட்டு, ஏலத்துக்கு முந்துன வாரம் ஆள் தேடுனா எப்படி?

அப்பறம் அந்த வேல்ஸ்காரர் கதை. எனக்கு ரக்பி அவ்வளவாத் தெரியாது, நீங்க கேட்டதுக்கப்புறம் ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன். 2023 அக்டோபர்ல ஜார்ஜியாவை ஜெயிச்சவங்க, அடுத்து ஜெயிச்சது 2025 ஜூலைல, ஜப்பானை, 31-22. நடுவுல 18 தோல்வி. ரெண்டு வருசம் தொடர்ந்து சிக்ஸ் நேஷன்ஸ்ல, அதான் ஐரோப்பால ஆறு நாடு வருசா வருசம் ஆடுற ரக்பி போட்டில, அஞ்சுக்கு அஞ்சும் தோத்து கடைசி, அப்படிக் கடைசியா வர்ற டீமுக்கு அங்க மரக்கரண்டின்னு பட்டம் குடுக்குறாங்களாம், நம்மூர்ல தலைவாஸுக்கு அப்படிக் குடுத்துருந்தா இந்நேரம் ஒரு கல்யாண வீட்டுச் சமையலுக்கு வேண்டிய அகப்பை சேந்துருக்கும். நான் கவனிச்சது என்னன்னா, அங்கயும் கோச் கேட்லண்ட் நடுவுலயே போனாரு, ஆனா ஜனங்க கோபம் அவரோட நிக்கல, உள்ளூர் கிளப்புங்க காசு இல்லாமத் தள்ளாடுது, கார்டிஃப் டீமையே அந்த நாட்டு ரக்பி யூனியன் எடுத்து நடத்த வேண்டியதாப் போச்சு, அதை என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டாங்க. நாம என்ன கேக்குறோம்? மேட்ச் முடிஞ்ச கையோட இன்ஸ்டாகிராம்ல போயி இருபத்தோரு வயசு கார்னர் பையனோட அம்மாவைத் திட்டுறோம்.

இதை நான் ஏன் சொல்றேன்னா, நான் அந்தப் பையனா இருந்துருக்கேன். தொண்டிப் பக்கம் ஒரு ஃபைனல், கடைசி ரைடு, ஒரு பாயிண்ட் லீடு எங்களுக்கு, சும்மா நின்னாலே கப்பு. நான் முந்திக்கிட்டுப் பாஞ்சேன். அட்வான்ஸ் டேக்கிள்னு இப்ப டிவில சொல்றாங்கல்ல, அப்ப அதுக்குப் பேரு அவசரக்குடுக்கை. என் மேல கை வச்சு இன்னொருத்தனையும் தொட்டுட்டுப் போயிட்டான். அப்பறம் ஆறு வருசம், கணக்கா ஆறு வருசம், டீக்கடைல எனக்கு டீ குடுக்கும்போதெல்லாம் "சூடா இருக்கு, பாஞ்சுறாத"ன்னு சொல்லித்தான் குடுப்பாங்க. ஊருக்குள்ள அம்பது பேரு கேலி பண்ணதுக்கே நான் ஒரு வருசம் கோட்டுக்குள்ள எறங்கல. இந்தப் பசங்களுக்கு லட்சம் பேரு.

அதனால திட்டுங்க, வேணாம்னு சொல்லல, காசு போட்டு டிக்கெட் எடுக்குறவன் திட்டத்தான் செய்வான். ஆனா கோச்சை மூணு வருசம் வைய்யி, ரெண்டு கார்னரையும் விடாத, தடைக்காலத்துல கரைக்கு வந்து ஆள் பாருன்னு திட்டுங்க.

வேற டீமுக்கு மாறலாமாங்குறதுக்கு நான் என் கதையவே சொல்லிர்றேன். 2019ல ரிமோட் ஒடஞ்ச மறுநாளு, போங்கடா நீங்களும் உங்க டீமுமுன்னு பெங்கால் வாரியர்ஸுக்கு மாறுனேன். ஜோசியக்காரன் மாதிரி சரியாத்தான் பிடிச்சுருக்கேன், அந்த வருசம் கப்பு அவங்களுக்குத்தான், ஃபைனல்ல டெல்லிய 39-34ன்னு ஜெயிச்சாங்க. எல்லாரும் குதிக்கிறாங்க, கலர் பேப்பர் பறக்குது, நான் உக்காந்து பாக்குறேன், ஒண்ணுமே தோணல தம்பி. யாரோ வீட்டுக் கல்யாணத்துல தெரியாமப் பந்தில உக்காந்துட்ட மாதிரி இருந்துச்சு, சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரும் நம்மளப் பாத்து "வாங்க"ன்னு சொல்லல. அன்னையோட மறுபடி இங்கயே வந்துட்டேன். உங்களுக்கு முடிஞ்சா மாறிப் பாருங்க, முடிஞ்சவங்களும் இருக்காங்க.

அந்த சூப்பர்வைசருக்கு நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு சலாம் சொல்லுங்க. அப்பறம் அவர்ட்ட ஒண்ணு மட்டும் கேட்டு எனக்கு அனுப்புங்க: அந்த 18ல எத்தனாவது மேட்ச்ல அவரு ரிமோட்டை ஒடச்சாரு?